சீனப் பிள்ளைகளுக்கு இயற்கை பற்றிய ஆங்கில வாசிப்பு: கோஷத்தை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள்

செப்டம்பரில் சாங்ஷாவில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: இயற்கை, சுற்றுச்சூழல் என்ற தலைப்பில் வாசிப்புப் பகுதிகள் எடுத்துக் கேள்வி தயாரிப்பதுதான் தனக்குக் கொடுத்திருக்கும் முதல் வேலை, இந்தத் தலைப்புக்கு மட்டும் ஏன் இத்தனை கவனிப்பு, எந்த மாதிரிப் பகுதிகளைக் கொடுப்பது, பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று. வூஹானில் ஐந்து வருடம் இதே வேலையைப் பார்த்தவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் தேர்வு. அங்கே எல்லாமே காவ்காவ் என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வைச் சுற்றித்தான். 2024இல் அதற்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். ஜூன் 8ஆம் தேதி பிற்பகல் 3 முதல் 5 வரை ஆங்கிலம். உங்கள் ஹூனான் மாகாணமும் நான் இருந்த ஹூபெய் மாகாணமும் எழுதுகிற தேசிய முதல் தாளில் மொத்தம் 150 மதிப்பெண். கேட்டல் 30, வாசிப்பு 50, மொழிப் பயன்பாடு 30, எழுத்து 40. வாசிப்பில் ஏ, பி, சி, டி என்று நான்கு பகுதிகள், அவற்றுக்கு 15 கேள்விகள், கேள்விக்கு இரண்டரை மதிப்பெண். மிச்சமுள்ள ஐந்து கேள்விகள் ‘ஏழில் ஐந்து’ என்று பிள்ளைகள் சொல்லும் வகை. பகுதியில் ஐந்து வாக்கியங்களை உருவியிருப்பார்கள், கீழே ஏழு வாக்கியங்கள் இருக்கும், அதில் இரண்டு ஆளை ஏமாற்ற வைத்தவை. ஒரு பகுதிக்கு ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் செலவழித்தால் கடைசியில் கட்டுரை எழுத நேரம் இருக்காது.

இதில் இயற்கை எங்கே வருகிறது? எங்கும் வரும். 2024 தாளையே பாருங்கள். ஏ பகுதி சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் பக்கத்தில் காட்டு நிலங்களைச் சீர்ப்படுத்தத் தன்னார்வலர்களை அழைக்கும் அறிவிப்பு. டி பகுதி, உலகத்து உயிரினங்களைப் பற்றிச் சேர்த்து வைத்திருக்கும் நூறு கோடிக் கணக்கான பதிவுகள் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்பது. ஒரே தாளில், மிகச் சுலபமான இடத்திலும் மிகக் கடினமான இடத்திலும் இதுதான். முந்தின வருடம், 2023இல், பி பகுதி ஜான் டாட் என்ற அறிவியலாளர் செடிகளையும் சிறு உயிர்களையும் வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்த கதை. 2017இல் வந்து 2020இல் திருத்தப்பட்ட பாடத்திட்ட விதிமுறை, ஆங்கிலப் பாடத்துக்கு மூன்று கூடைகளை வைத்திருக்கிறது: மனிதனும் அவனுடைய சுயமும், மனிதனும் சமூகமும், மனிதனும் இயற்கையும். எந்தப் பகுதியை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் போட்டாக வேண்டும். பாடப்புத்தகத்திலும் அப்படியே. முதல் வருடத்திலேயே 1976 டாங்ஷான் நிலநடுக்கம் வந்துவிடும், அடுத்து திபெத்து மான், அப்புறம் தேசியப் பூங்காக்கள், கலப்பின நெல் தந்த யுவான் லோங்பிங், கடைசியில் பருவநிலை மாற்றம்.

சரி, தேர்வு வாரியத்துக்கு இந்தத் தலைப்பு ஏன் பிடிக்கிறது என்பதற்கு என் ஊகத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க, பிரிட்டிஷ் இதழ்களில் வந்த கட்டுரைகளைச் சுருக்கித்தான் தாளில் போடுகிறார்கள். அரசியல் வேண்டாம், மதம் வேண்டாம், காதல் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தால் கையில் மிஞ்சுவது வாத்தும் மரமும்தான். அறிவியல் நடை கிடைக்கிறது, எண்கள் கிடைக்கின்றன, ‘ஆனால்’ போட்டுத் திரும்பும் வாதம் கிடைக்கிறது, யார் மனமும் புண்படாது.

பிள்ளைகள் விழும் இடம் சொற்களில் இருக்கும் என்றுதான் நானும் நினைத்துப் போனேன். முதல் வருடம் முழுக்கச் சொல் பட்டியல் அடித்துக் கொடுத்தேன். இனம், வாழிடம், அழிவு, மாசு, உமிழ்வு என்று நூறு சொற்கள். ஏழு மணிக்கே காலை வாசிப்பு நேரத்தில் ஐம்பது பிள்ளைகள் எழுந்து நின்று, ஆளுயரத்துக்குப் புத்தகம் அடுக்கிய மேசைகளுக்குப் பின்னாலிருந்து அதைக் கத்திக் கத்திப் படித்தார்கள். சொல்லெல்லாம் மனப்பாடம், மதிப்பெண் மட்டும் ஏறவில்லை. தவறான விடைகளை ஒரு நாள் உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பகுதி என்ன சொல்கிறது என்று பார்த்து அவர்கள் விடை போடவில்லை. பகுதி என்ன சொல்ல வேண்டும் என்று தாங்கள் முன்பே நினைத்திருந்தார்களோ அதைப் போட்டிருந்தார்கள்.

2005 ஆகஸ்ட்டில் ஷி ஜின்பிங் ஜெஜியாங் மாகாணக் கட்சிச் செயலாளராக இருந்தபோது யூசுன் என்ற கிராமத்தில் சொன்ன வாசகம் ஒன்று உண்டு: தெளிந்த நீரும் பசுமலையும்தான் தங்கமலை, வெள்ளிமலை. இன்றைக்கு அது இல்லாத சுவரே கிடையாது. பிள்ளைகள் அதைத் தொடக்கப் பள்ளியிலிருந்து எழுதி எழுதி, இயற்கை என்றால் காப்பாற்ற வேண்டும், வேட்டை என்றால் கெட்டது, மனிதன் என்றால் குற்றவாளி, அரசு சட்டம் போட்டால் சரியாகிவிடும் என்று நான்கு ஆணியடித்த முடிவுகளோடுதான் வாசிக்கவே உட்காருகிறார்கள். கோஷம் தவறு என்று சொல்லவில்லை. தேர்வுத் தாளுக்குப் பகுதி தேர்ந்தெடுப்பவர் அந்தக் கோஷத்துக்குள் அடங்காத ஒன்றைத் தேடிப் பிடித்துப் போடுகிறார், அவ்வளவுதான்.

2021 தாளின் சி பகுதி இதற்குச் சரியான உதாரணம். அமெரிக்காவின் வாத்துத் தபால்தலை. ஐரோப்பியர் வந்தபோது அந்தக் கண்டத்தின் வானம் முழுக்கப் பறவைகள். சந்தைக்காக வேட்டையாடியும் சதுப்பு நிலத்தைத் தூர்த்தும் அவை குறைந்தன. 1934இல் சட்டம் வந்தது, நீர்ப்பறவைகளை வேட்டையாடும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு தபால்தலை வாங்க வேண்டும். வசூலாகும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலம் வாங்கப் போகிறது. கேள்வி: 1934 சட்டத்தின் நேரடி விளைவு என்ன? ஓர் ஆப்ஷன், வேட்டைக்காரர்கள் வேட்டையை நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று, அரசுக்குப் பணம் வந்தது. வகுப்பில் பாதிப் பேர் முதலாவதைப் போட்டார்கள். பணம் வந்தது என்பது அவர்கள் கண்ணுக்குக் கௌரவமான விடையாகவே தெரியவில்லை! வேட்டைக்காரன் காசில்தான் வாத்து பிழைக்கிறது என்பதுதான் அந்தப் பகுதியின் உயிரே.

அதற்கு முந்தைய வருடம், 2020இல், இன்னொரு தேசியத் தாளில் வந்தது நூட்ரியா. தென் அமெரிக்காவிலிருந்து 1930களில் ரோமத்துக்காக லூசியானாவுக்குக் கொண்டுவந்த பெரிய எலி மாதிரிப் பிராணி. தப்பித்துப் பெருகி, சதுப்பு நிலச் செடிகளை வேரோடு தின்று நிலத்தையே கரைக்கிறது. அதனால் அதன் ரோமத்தில் உடை தைத்து, குற்ற உணர்ச்சி இல்லாமல் அணியலாம் என்று சிலர் ஃபேஷன் ஷோ நடத்துகிறார்கள். சூழலைக் காக்க ரோம உடை வாங்கு என்கிற பகுதி! ஒரு பெண் என்னிடம் வந்து, “லாவ்ஷி, இதில் அச்சுப் பிழை இருக்கிறதா?” என்று கேட்டாள். லாவ்ஷி என்றால் ஆசிரியர். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும், வாக்கியமும் புரிந்தது, அப்படி ஒருவர் எழுதியிருப்பார் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

அதனால் நான் வகுப்பில் வைத்த வழக்கம் ஒன்று. பகுதியைக் கொடுக்கும் முன் தலைப்பை மட்டும் கரும்பலகையில் எழுதி, இது என்ன சொல்லப் போகிறது என்று ஒரு வரி தாய்மொழியில் எழுதி மடித்து வைக்கச் சொல்வேன். படித்து முடித்ததும் பிரித்துப் பார்க்கட்டும். எழுதினதும் படித்ததும் எங்கே விலகுகின்றனவோ அங்கேதான் கேள்வி இருக்கும் என்பது மூன்றாவது வாரத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். 2024இன் டி பகுதியைக்கூட இப்படித்தான் உடைத்தோம். எழுதி மடித்தவர்கள் எல்லாரும் “நிறையத் தரவு சேர்த்தால் உயிரினங்களைக் காக்கலாம்” என்றே எழுதியிருந்தார்கள். பகுதி சொல்வதோ, ஆட்கள் போய்வர வசதியான இடங்களில்தான் பதிவுகள் குவிந்திருக்கின்றன, அதை வைத்து உலகத்தைக் கணித்தால் தப்பாகப் போகும் என்பது.

அடுத்து மொழி. இதில் ஒரு தமிழனுக்கு இருக்கும் வசதியை நீங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

சீன மொழியில் பெயருக்கு முன்னால்தான் அடைமொழி எல்லாம் வரும், நம்மைப் போலவே. ‘வருடாவருடம் தபால்தலை வாங்க வேண்டிய வேட்டைக்காரர்கள்’ என்று நாம் சொல்வதில் வேட்டைக்காரர் கடைசியில் வருகிறார். சீனத்திலும் ‘த’ என்று ஓர் ஒட்டைப் போட்டு அதே வரிசைதான். ஆங்கிலம் வேட்டைக்காரர்களை முதலில் நிறுத்திவிட்டு, ‘ஹூ’ போட்டு, அப்புறம் கதை சொல்லும். அந்தக் கதைக்குள் ஒரு ‘விச்’ வந்து இன்னொரு கதை. முதல் எழுவாய்க்கான வினை மூன்றாவது வரியில். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்கு இதில் என்ன சிரமம் என்றே புரியாது. நமக்குப் புரியும், நாமும் அங்கே தடுக்கினவர்கள்தானே. இலக்கணப் பெயரெல்லாம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள், அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். ‘ஹூ, விச், தட்’ தொடங்கும் இடத்திலிருந்து பென்சிலால் அடைப்புக்குறி போடச் சொல்லுங்கள், அடைப்புக்கு வெளியே இருப்பதை மட்டும் ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள். முதலில் எலும்பு, சதை பிறகு.

எண்களும் அப்படித்தான். சீனர்கள் பத்தாயிரத்தை ‘வான்’ என்று ஓர் அலகாக வைத்து எண்ணுகிறவர்கள். அதற்கு மேல் பத்துக் கோடிக்கு ‘யீ’. நமக்கு லட்சமும் கோடியும். இரண்டு பேருக்குமே மில்லியனும் பில்லியனும் வெளியூர்க் கணக்கு. திபெத்து மான் 70 ஆயிரத்துக்கும் கீழே போய், இன்றைக்குச் சுமார் 3 லட்சம் என்று ஏறியிருப்பதை ஆங்கிலத்தில் ‘த்ரீ ஹன்ட்ரட் தௌசண்ட்’ என்று படித்தால், பிள்ளை மனதுக்குள் அதை 30 வான் என்று மாற்றி முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடுகிறது. எண் வரும் இடமெல்லாம் ஓரத்தில் வான் கணக்கில் எழுதிப் பழக வேண்டும்.

‘பை’, ‘டு’ என்ற இரண்டு குட்டிச் சொற்கள் இன்னொரு குழி. ‘40 சதவீதம் குறைந்தது’ என்பதற்கும் ‘40 சதவீதமாகக் குறைந்தது’ என்பதற்கும் நமக்கு ஓர் ‘ஆக’தான் வித்தியாசம். சீனத்தில் ஒன்றில் ‘ல’ வரும், மற்றதில் ‘தாவ்’ வரும். ஆங்கிலத்தில் ‘டிக்ளைன்ட் பை’, ‘டிக்ளைன்ட் டு’. தாய்மொழியில் இந்த வேறுபாடு ஏற்கெனவே இருப்பதால், சீன வாக்கியத்தை எழுதிக் காட்டினால் ஒரே நிமிடத்தில் புரியும். எழுதிக் காட்டாவிட்டால் மூன்று வருடமும் புரியாது.

சொற்களில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்: ‘பாப்புலேஷன்’. இதைச் சின்ன வகுப்பிலேயே ‘ரென்கோவ்’ என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ரென்கோவ் என்றால் எழுத்துக்கு எழுத்து ‘மனிதன், வாய்’. ஆக, ஓநாய்களின் பாப்புலேஷன் பெருகியது என்று வந்தால் சில பிள்ளைகளுக்கு, ஓநாய் வாழும் இடத்தில் ஆள் பெருகிவிட்டார்கள் என்று படிகிறது; அதிலிருந்து கிளம்பி, மனிதர் காட்டை ஆக்கிரமித்தார்கள் என்ற பழைய கோஷத்துக்கு ஒரே தாவலில் போய்விடுகிறார்கள். உயிரியல் வகுப்பில் இதற்குத் தனிச் சொல் படிக்கிறார்கள், ஆங்கில வகுப்புக்கு வந்தால் அது ஞாபகம் வருவதில்லை. இந்த மாதிரிப் பழகின சொற்கள்தான் ஆபத்து. தெரியாத சொல்லைக் கண்டால் பிள்ளை நின்று யோசிக்கும், தெரிந்த சொல்லில் யோசிக்காது.

இப்போது கேள்வி தயாரிப்பது. சரியான விடையை யாரும் எழுதிவிடலாம். மூன்று தவறான விடைகளை எழுதுவதில்தான் வேலை இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்கள் பொறி விடைகளுக்கு நான்கெழுத்துப் பழமொழிகளையே பெயராக வைத்திருக்கிறார்கள். ‘ஜாங் குவான் லீ தை’, ஜாங்கின் தொப்பி லீயின் தலையில்: ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்ததாக மாற்றுவது. ‘வூ ஜோங் ஷெங் யோ’, இல்லாததிலிருந்து உண்டாக்குவது: பகுதியில் எங்குமே இல்லாத, ஆனால் கேட்க நியாயமாக இருக்கும் செய்தி. ‘யீ பியென் கை ச்சுவென்’, ஒரு மூலையைக் காட்டி முழுதையும் மூடுவது. நமக்கு ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அங்கே அப்படிப் பதம் பார்த்தால் இரண்டரை மதிப்பெண் போச்சு.

நானே எழுதிய பகுதி ஒன்றை வைத்துக் காட்டுகிறேன். மீலூ என்ற மான். கொம்பு கலைமானுடையது, முகம் குதிரையுடையது, குளம்பு மாட்டுடையது, வால் கழுதையுடையது, ஆனால் நான்கில் எதுவும் இல்லை என்பதால் சீனத்தில் அதற்கு ‘ஸிபூஷியாங்’, நான்கோடும் சேராதது, என்று பெயர். புராணக் கதையில் ஜியாங் ஸியா ஏறிவரும் வாகனம், நமக்கு முருகன் மயில் மாதிரி எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அது சீனாவில் கடைசியாகப் பிழைத்திருந்தது பெய்ஜிங்குக்குத் தெற்கே நான்ஹாய்ஸி அரச வேட்டைத் தோட்டத்தில். அர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1865இல் அதைப் பார்த்து, அடுத்த வருடம் தோல்களைப் பாரிசுக்கு அனுப்பினார், மேற்குலகுக்குச் செய்தி போனது. ஐரோப்பிய விலங்குக் காட்சிச்சாலைகளுக்குச் சில மான்கள் போயின. பிறகு 1890களில் வெள்ளம் வந்து தோட்டத்துச் சுவர் இடிந்தது, 1900 கலவரத்தில் மிச்சமும் போயிற்று. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பிரபு, ஐரோப்பாவில் அங்கங்கே இருந்த 18 மான்களைத் தன் வோபர்ன் தோட்டத்தில் சேர்த்து வளர்த்தார். 1985இல் அந்த வம்சத்திலிருந்து ஒரு கூட்டம், புறப்பட்ட அதே நான்ஹாய்ஸிக்குத் திரும்பி வந்தது.

இதை ஆங்கிலத்தில் 280 சொல்லில் எழுதி, இந்த மான் இனம் பிழைத்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டேன். ஏ: அரசு காப்பகம் அமைத்தது. பி: டேவிட் தன் நாட்டுத் தோட்டத்தில் வளர்த்தார். சி: சில மான்கள் முன்பே வெளிநாடு போயிருந்தன. டி: வேட்டைக்குத் தடை வந்தது. சரியான விடை சி. பி-யில் பிரபுவின் தொப்பி பாதிரியார் தலையில். டி இல்லாததிலிருந்து வந்தது. ஏ-யைப் போட்டவர்கள்தான் அதிகம்; பின்னால் காப்பகங்கள் அமைந்தது உண்மைதான், ஹூபெயிலேயே ஷிஷோவில் ஒன்று இருக்கிறது, ஆனால் அது 1985க்குப் பிந்திய கதை, இனம் பிழைத்த காரணம் ஆகாது. ஏ-யைப் போட்ட ஒவ்வொருவரையும், உன் விடைக்கு ஆதாரமான வரியில் விரல் வை என்றேன். விரல் பகுதி முழுக்க ஊர்ந்துவிட்டு, கடைசிப் பத்தியில் போய் நின்றது. அப்போது அந்த வரியில் இருக்கும் வருடத்தைப் படி என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே பகுதியில் குளம்பு என்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்கு அடிக்கோடிட்டுப் பொருள் கேட்டிருந்தேன். அது சொதப்பல். நான்கு உறுப்பும் அவர்களுக்குப் பெயரிலேயே தெரிந்திருந்ததால் யாரும் சூழலைப் பார்த்து ஊகிக்கவில்லை, அத்தனை பேரும் சரி. சொல்லை ஊகிக்கும் கேள்வி என்றால் பிள்ளைக்கு முன்பே தெரியாத பொருளில்தான் வைக்க வேண்டும்.

பகுதி தேர்ந்தெடுப்பதில் என் வரிசை: முதல் பருவத்தில் ஊர்க்கதை, அப்புறம் அயல்நாட்டுக் கதை. விஷயம் தெரிந்திருந்தால் பிள்ளையின் கவனம் வாக்கியத்தில் இருக்கும். சாங்ஷாவில் உங்களுக்கு யாங்சியும் டோங்டிங் ஏரியும் பக்கம். ஆற்றுப்பன்றி என்று அவர்கள் சொல்லும், டால்பின் மாதிரியான, முதுகுத் துடுப்பில்லா ஓங்கிலைப் பற்றி எழுதலாம், 2017 கணக்கெடுப்பில் 1,012, 2022இல் 1,249. குறைந்துகொண்டே வந்தது முதல் தடவையாக ஏறியது என்பதே ஒரு திருப்பம். வூஹானில் எனக்கு ச்சீச்சீ இருந்தது. பைஜி என்கிற யாங்சி ஆற்று டால்பின் அது. தூண்டில் முள் குத்திக் காயத்தோடு 1980இல் கிடைத்து, வூஹான் நீருயிரியல் கழகத்துத் தொட்டியில் 22 வருடம், பெரும்பாலும் தனியாகவே இருந்து 2002இல் இறந்தது. 2006இல் ஆறு முழுக்கத் தேடியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இந்தப் பகுதியைக் கொடுத்த அன்று வகுப்பில் சத்தமே இல்லை.

ஆனால் ஊர்க்கதையிலும் ஒரு சிக்கல் வரும், எனக்கு வந்தது. 2021 ஜனவரி 1 முதல் யாங்சியில் பத்து வருடத்துக்கு மீன்பிடித் தடை, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் கரையேற வேண்டியதாயிற்று. அதைப் பற்றி ஒரு பகுதி, கடைசிக் கேள்வி, எழுதியவரின் மனநிலை என்ன? ஆதரவு, சந்தேகம், அக்கறையின்மை, கவலை. விடை ஆதரவு. எப்போதும் எல்லாம் சரியாகப் போடும் பையன் ஒருவன் சந்தேகம் என்று போட்டிருந்தான். கூப்பிட்டுக் கேட்டால், அவன் தாத்தா படகை ஒப்படைத்தவர், இப்போது ஒரு குடியிருப்பில் காவலாளி. நான் அதுவரை கோஷம்தான் கண்ணை மறைக்கிறது என்று நினைத்திருந்தேன். சொந்த அனுபவமும் அதே வேலையைச் செய்யும். அவனிடம், உன் கருத்தைத் தனித் தாளில் எழுதிக் கொடு, இங்கே அவருடையதை மட்டும் போடு என்றேன். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தான், அந்த வருடம் நான் படித்த நல்ல ஆங்கிலம் அது.

நீளம், கடினம் பற்றிச் சுருக்கமாக: ஏ, பி-க்கு 250 சொல், சி, டி-க்கு 300, 350. இதழ்க் கட்டுரையைச் சுருக்கும்போது அரிய சொற்களை மாற்றுங்கள், நீண்ட வாக்கியங்களை உடைக்காதீர்கள். புதியவர்கள் எல்லாரும் இதை நேர்மாறாகச் செய்வார்கள், நானும் செய்தேன். ஆய்வாளர் பெயரும் பல்கலைக்கழகப் பெயரும் அப்படியே இருக்கட்டும், தேர்விலும் அப்படித்தான் வரும். பெரிய எழுத்தில் தொடங்கும் நீளப் பெயரைக் கண்டால் ‘ஓர் ஆள்’ என்று படித்துக் கடக்கப் பழக்குங்கள். வாரத்துக்கு இரண்டு பகுதி போதும், இரவுப் படிப்பு பத்து மணி வரைக்கும் இழுக்கிற பிள்ளைகளுக்கு ஐந்து கொடுத்தால் ஐந்தையும் கண்ணால் தடவிவிட்டுத் தூங்குவார்கள்.

எழுத்துப் பகுதியையும் மறக்க வேண்டாம். 25 மதிப்பெண்ணுக்குக் கதையைத் தொடர்ந்து எழுதும் கேள்வி ஒன்று உண்டு; பாதிக் கதை கொடுத்து, அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வாக்கியத்தையும் கொடுத்துவிடுவார்கள். ஜெஜியாங் தாளில் 2017இல் சைக்கிள்காரரை ஓநாய் துரத்தியது, 2020இல் புகைப்படக்காரர்களின் முகாமுக்குப் பனிக்கரடி வந்தது. வாசிப்பில் நாம் விலங்கைக் காப்பாற்றுகிறோம், எழுத்தில் விலங்கிடமிருந்து நம்மைக் காப்பாற்றிக்கொள்கிறோம்! வாசிப்புப் பகுதியில் வந்த வினைச்சொற்களை அந்த வாரமே இதற்குப் பயன்படுத்தச் சொன்னால் சொல் தங்கும், தனியாகப் பட்டியல் வேண்டாம்.

முதல் வாரத்துக்கு எதைக் கொடுப்பது என்று கேட்டால், யானைகளைக் கொடுங்கள். யுன்னானில் ஷிஷுவாங்பன்னா காட்டிலிருந்து கிளம்பிய பதினைந்து, பதினாறு யானைகள் சுமார் 500 கிலோமீட்டர் வடக்கே நடந்து, 2021 ஜூனில் குன்மிங் ஓரம் வரை வந்தன. வழியில் சோளக்காடு, ஊர்த்தெரு, கும்பலாகப் படுத்துத் தூங்கினபோது மேலிருந்து எடுத்த படம். ஆகஸ்ட்டில் யுவான்ஜியாங் ஆற்றைத் தாண்டித் தெற்கே திரும்பின. ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கும். அவை ஏன் கிளம்பின என்று ஒரு கேள்வி வையுங்கள். காடு சுருங்கியது, யானை எண்ணிக்கை பெருகியது, வழிநடத்திய யானைக்குத் தடம் தவறியது என்று அறிவியலாளர்கள் பல ஊகங்கள் சொன்னார்கள், ஒன்றையும் உறுதியாகச் சொல்லவில்லை என்பதைப் பகுதியிலேயே எழுதிவிடுங்கள். ‘மனிதர் காட்டை அழித்ததால்’ என்பதை ஏ-யிலும், ‘காரணம் இன்னும் உறுதியாகவில்லை’ என்பதை டி-யிலும் போடுங்கள். எத்தனை கை ஏ-க்கு உயர்கிறது என்று எண்ணி ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், டிசம்பரில் அதே மாதிரிக் கேள்வி ஒன்று வைக்கும்போது தேவைப்படும்.